மலர் சிஸ்டம்

கோலாலம்பூரின் பங்சாரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த அலுவலகத்தில் சிவமலர் புரோகிராமராக வேலை பார்த்தாள். சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு புரோகிராம்கள் எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். அலுவலகத்துக் கிளார்க்குகள் கம்ப்யூட்டரில் கட்டளைகளைத் தட்டத் திண்டாடியதால், அவர்களுக்காக அவள் ஒரு மெனு எழுதி வைத்தாள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் நீலத் திரை வரும். ஒன்றை அழுத்தினால் கணக்கு, இரண்டை அழுத்தினால் கடிதம், மூன்றை அழுத்தினால் பிரிண்டர். எழுதி முடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

1992 தீபாவளிக்குச் சற்று முன்பு அவளுடைய அப்பா சண்முகரத்தினம் பலகாரப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். முதலாளி அவரை உட்காரவைத்து, "அங்கிள், உங்க மக பெரிய ஆளு லா. இந்த ஆபீஸுக்கு ஒரு சிஸ்டமே செஞ்சு கொடுத்துட்டா," என்றார்.

சண்முகரத்தினம் எழுந்து வந்து நீலத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஓப்பரேட்டிங் சிஸ்டம், ஓப்பரேட்டிங் சிஸ்டம் எண்டு பேப்பரில போடுறாங்களே, அது இதுதானோ பிள்ளை?"

இல்லை என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். மெனு என்பது கடைவாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. கடையைக் கட்டியவர்கள் வேறு யாரோ. அதை அப்பாவுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அண்ணன் இங்கிலாந்துக்கு டாக்டராகப் போன நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவனைப் பற்றி அந்த முகத்தோடுதான் அப்பா பேசுவார். சிவமலரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவள் கம்ப்யூட்டரில ஏதோ செய்யிறாள்," என்று முடித்துவிடுவார்.

"ஒரு மாதிரி அதுதானப்பா," என்றாள் சிவமலர்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் ஒரு ஆன்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொந்தமா ஒரு சிஸ்டம் கண்டுபிடிச்சிட்டியாமே!" என்றாள். சிவமலர் சிரித்து வைத்தாள். மறுக்க வேண்டிய இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் அவள் சிரித்து வைத்தாள்.

தைப்பூசம் முடிந்த பிறகு வட்டாரத் தமிழர் நலச் சங்கத்தின் செயலாளர் முத்துக்குமாரு வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு ரயில்வேயில் ஒரே பிரிவில் இருந்தவர். சங்க மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இளைஞர்களை வரவழைத்து, சிவமலரின் சிஸ்டத்தைக் காட்ட வேண்டும் என்றார்.

"அது இன்னும் முடியல அங்கிள்," என்றாள்.

"முடியாட்டில் என்ன? முடிஞ்ச அளவுக்குக் காட்டு பிள்ளை. எங்கட ஆக்களில ஒருத்தி செய்திருக்கிறாள் எண்டு பாக்கட்டும்."

 அப்பா காலண்டரை எடுத்து அந்தச் சனிக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

சிவமலருக்கு அப்போதும் வழி இருந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அல்லது, இது வெறும் மெனுதான் என்று முத்துக்குமாருவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவள் செய்தது வேறு. அன்றைக்கு எல்லா மேசைகளிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் டாஸ் என்ற சிஸ்டத்தில்தான் ஓடின. அவள் அந்த டாஸின் கோப்பை எடுத்து, பைட் பைட்டாகத் திருத்தும் ஒரு கருவியில் திறந்தாள். அதற்குள் இருந்த பெயரையும் உரிமை வாசகத்தையும் தேடிப் பிடித்தாள். எழுத்துகளின் எண்ணிக்கை மாறினால் கோப்பு கெட்டுவிடும் என்பதால், பழைய வாசகத்தின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி தன் பெயரை எழுதினாள். மிச்ச இடத்தை வெற்றெழுத்துகளால் நிரப்பினாள். கம்ப்யூட்டரை மறுபடி திறந்தபோது, 'மலர் சிஸ்டம்' என்று ஆங்கிலத்தில் வெள்ளையாக எழுந்தது. முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வந்த சந்தோஷம் அது.

மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். அப்பா முன்வரிசையில், கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். பக்கத்தில் அம்மா நேசம்மா. பின்வரிசையில் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரை சின்னது, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் முத்துக்குமாரு திரைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார்.

"மலர் சிஸ்டம்! பதிப்பு ஒன்று! உருவாக்கியவர் எஸ். சிவமலர், கோலாலம்பூர்!"

கைதட்டல் எழுந்தது. சிவமலர் மெனுவைத் திறந்து காட்டினாள். ஒரு கடிதம் தட்டினாள். பிரிண்டர் கரகரவென்று அதை அச்சடித்துத் தந்தது. முத்துக்குமாரு அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி எல்லாருக்கும் காட்டினார். அவள் மெனுவை மூடினாள். எல்லாம் நல்லபடியாக முடியப் போகிற நேரத்தில் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"நானும் ஒண்டு தட்டிப் பாக்கலாமோ? மகன் வீட்டில தட்டிப் பழகினனான்."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் ஒரே விரலால் 'ஏ' என்று தட்டி, முக்காற்புள்ளியும் வைத்து, என்டரை அழுத்தினார். ஏ என்பது டிஸ்க் போடும் டிரைவ். அதில் டிஸ்க் இல்லை. இயந்திரம் கர்ர் என்றது. திரையில் இரண்டு வரிகள் வந்தன. முத்துக்குமாரு அதே உற்சாகத்தோடு அவற்றையும் உரக்கப் படித்தார்.

"நாட் ரெடி ரீடிங் டிரைவ் ஏ! அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?"

டாஸைத் தொட்ட எவனும் அந்தக் கேள்வியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அது டாஸின் முகம் மாதிரி. சிவமலர் தொடக்கத்தில் வரும் வாசகங்களை மாற்றியிருந்தாள். தவறு நேர்ந்தால் வரும் வாசகங்களும் அதே கோப்புக்குள் இருக்கின்றன என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பின்வரிசையில் ஒருவன் பக்கென்று சிரித்தான். அவன் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்தவன் எழுந்து, மரியாதையாகத்தான் கேட்டான்: "சிஸ், இது டாஸ்தானே?"

சிவமலருக்குக் காது சூடாகிவிட்டது.  அப்பா முன்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, தணிந்த குரலில், "ஏன் பிள்ளை ஆக்கள் சிரிக்கினம்?" என்று கேட்டார்.

"டிஸ்க் போடலப்பா. அதான்," என்றாள் அவள்.

முத்துக்குமாரு சூழ்நிலையைப் புரிந்துகொண்டு, "சரி, தேத்தண்ணி குடிப்பம்," என்று அறிவித்தார். யாரும் அவளருகே வரவில்லை. கோயிலில் கையைப் பிடித்த ஆன்டி தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டு, வேறு யாரிடமோ பேசத் திரும்பினாள். சிவமலர் வயர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரே வயரை இரண்டு முறை சுருட்டினாள்.

 அப்பா வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, குடையை மாட்டிவிட்டுத்தான் கேட்டார்.

"மலர், அதில உன்ரை எவ்வளவு?"

"பேர் மட்டும்தானப்பா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். இடியாப்பத்துக்கு வைத்த தேங்காய்ப்பால் சொதி மிச்சம் இருந்தது, அதையும் ஊற்றினாள். அப்பா முழுவதும் சாப்பிட்டார். சிவமலரால் முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து, அன்று சிரித்த இளைஞன் அவள் அலுவலகத்துக்குத் தேடி வந்தான். பெயர் தியாகராஜன்; கிளாங்கில் வீடு; ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அவளைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். கீழே உணவுக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் இரண்டு சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்குச் சிரிச்சதுக்கு சாரி சொல்லத்தான் வந்தேன்," என்றான். "உங்க மேல தப்பே இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுச்சு. எங்க மாமா கமிட்டியில இருக்காரு. அடுத்த மீட்டிங்ல உங்க அப்பா எழுந்து சொன்னாராம். இது டாஸ்ல செஞ்சதுதான், சொந்த சிஸ்டம் இல்லன்னு நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்களாம். அவர்தான் பெருமைக்கு மாத்திச் சொல்லிட்டாராம். பேரைக்கூட அவர்தான் போடச் சொன்னாராம். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாராம்."

சிவமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். மண்டபத்தில் காது சூடானது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரயில்வேயில் முப்பது வருஷம் கை சுத்தம், வாய் சுத்தம் என்று பெயரெடுத்தவர், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன்னைப் பொய்யன் ஆக்கிக்கொண்டிருக்கிறார். அந்த மேசையில் அவள் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் உண்மையாகவே நின்றிருக்கும்.

"அப்பா சொன்னதுதான் பொய்," என்றாள். "நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஓப்பரேட்டிங் சிஸ்டமான்னு கேட்டாரு, ஆமான்னேன். பேரை நான்தான் மாத்தினேன். உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து மாத்தினேன்."

 தியாகராஜன் தேநீரில் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினான்.

"உண்மையாவே ஒண்ணு எழுத என்ன வேணும்னு எப்பவாச்சும் பார்த்தீங்களா?"

"யூனிவர்சிட்டில பாடம் இருந்துச்சு. பாஸ் பண்ணினேன்."

"ஸ்விட்ச் போட்டதும் பிராசசர் முதல்ல எதைப் படிக்கும்?"

"தெரியாது."

"கீபோர்ட்ல ஒரு எழுத்தைத் தட்டினா, அது திரைக்கு எப்படி வருது? டாஸ் இல்லாம?"

"தெரியாது." டாஸ் இல்லாமல் என்று அவள் யோசித்ததே இல்லை. தரைக்குக் கீழே மண் இருக்கிறதா என்று யார் யோசிப்பார்கள்?

"நானும் ஒரு தடவை ஆரம்பிச்சேன். கீபோர்ட் வரைக்கும்கூடப் போகல, விட்டுட்டேன். அதான் அன்னைக்கு 'சொந்த சிஸ்டம்'னு கேட்டதும் கொஞ்சம் வயித்தெரிச்சல் லா. பொய்னு தெரிஞ்சதும் சிரிப்பு வந்துருச்சு." அவன் எழுந்தான். "பிராசசர் மேனுவல் என்கிட்ட சும்மாதான் கிடக்கு. வேணும்னா கொண்டாந்து தரேன்."

கொண்டுவந்து தந்தான். சிவமலர் ஒரு பழைய 386 கம்ப்யூட்டரை வாங்கி வீட்டு ஹாலில் சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்தாள். வேறு இடம் இல்லை. சனி, ஞாயிறு காலைகளில் அதன் முன் உட்கார்ந்தாள்.

முதலில் அவளுக்குத் தெரிந்தது தன் அறியாமையின் அளவு. கணக்கு புரோகிராம் எழுதும் மொழிகள் இங்கே உதவவில்லை. பிராசசருக்கே புரியும் அசெம்பிளி மொழியை அடியிலிருந்து படித்தாள். கம்ப்யூட்டர் விழித்ததும் டிஸ்கின் முதல் துண்டை மட்டும் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏற்றிவிட்டு, பொறுப்பைக் கைகழுவிவிடும் என்று தெரிந்தது. அந்தத் துண்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட். ஒரு பக்கக் கடிதம்கூட அதில் அடங்காது. அதற்குள் அவளுடைய முதல் கட்டளைகள் இருக்க வேண்டும். மிச்சத்தை டிஸ்கிலிருந்து அவளே எடுத்துவர வேண்டும். ஒரே ஒரு எழுத்தைத் திரையில் காட்ட ஒரு மாதம் பிடித்தது. கறுப்புத் திரையின் மூலையில் ஓர் 'எம்' தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, "கெட்டுப்போச்சோ?" என்று கேட்டாள்.

பிறகு நினைவகத்தைப் பங்கு பிரிக்கும் அட்டவணை. அதில் ஓர் எண் தவறினால் போதும், கம்ப்யூட்டர் தானாகச் செத்துத் தானாகப் பிழைத்து, மறுபடி செத்து, சுற்றிக்கொண்டே இருக்கும். என்ன தப்பு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. தவறு நேர்ந்தால் வரும் வாசகத்தையும் அவளேதான் எழுத வேண்டும்.

இதற்கிடையே அப்பாவின் நடமாட்டம் மாறியிருந்ததை அவள் கவனித்தாள். சங்கத்துக்குப் போவதில்லை. கோயிலுக்கு மாலைப் பூசைக்குப் போகிறவர், ஆட்கள் இல்லாத மத்தியானத்தில் போய்விட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாங்க முடியாமல் முத்துக்குமாரு வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அங்கிள், அப்பா கமிட்டியில சொன்னது உண்மை இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஏமாத்தினது நான்தான். இதை நீங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்."

முத்துக்குமாரு அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அது எங்களுக்குத் தெரியும் பிள்ளை," என்றார். "உன்ரை அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.  ஒருத்தரும் நம்பேல்லை. ஆனா ஒருத்தரும் மறுத்துப் பேசவும் இல்லை. மகளுக்காகத் தகப்பன் நிண்டு சொல்லுறதை ஆர் மறுப்பினம்?"

அப்படியென்றால் எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரியும். அப்பா தன் பெயரைக் கொடுத்தும் அவளுடைய பெயர் மீளவில்லை. சிவமலர் அவர் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

சேதி அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. முத்துக்குமாரு டெலிபோன் செய்திருக்க வேண்டும். சண்முகரத்தினம் கதவருகே நின்றிருந்தார். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. அன்று உயர்ந்தது.

"நான் மூடினதை நீ ஏன் திறந்தனீ? உன்னை ஆர் கேட்டது?"

"நீங்க செய்யாத தப்பை ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

"செய்யாத தப்போ? கோயிலில, சங்கத்தில, கடையில எண்டு எல்லா இடமும் சொல்லித் திரிஞ்சது ஆர்? நீயோ? உன்னட்டை ஒருக்கா வடிவாக் கேட்டனானோ, இது என்ன, எப்பிடி வேலை செய்யுது எண்டு? எனக்குச் சொல்லுறதுக்கு ஒரு பெரிய பேர் வேணுமெண்டு இருந்தது. நீ தந்தாய்."

அம்மா இரண்டு பேரையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே நின்றார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சிவமலர் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்தாள். யாருக்காக இது? யாரும் கேட்கவில்லை, காட்டவும் இடமில்லை. ஆனால் அப்போது அவள் கீபோர்டில் சிக்கிக்கொண்டிருந்தாள். முதல் எழுத்தைத் தட்டினால் திரையில் வரும். இரண்டாவது எழுத்து வராது. எந்த எழுத்தை முதலில் தட்டினாலும் அது ஒன்று மட்டும்தான். அலுவலகத்தில், பஸ்ஸில், சாப்பிடும்போது அதுவே மனத்தில் ஓடியது. கடைசியில் மேனுவலில் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்து வந்து சேர்ந்ததும், 'வாங்கிக்கொண்டேன், அடுத்ததை அனுப்பு' என்று, கீபோர்டைக் கவனிக்கும் 'சிப்' என்ற சில்லுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. அது காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு வரி சேர்த்தாள். எழுத்துகள் வரிசையாக வந்தன. தியாகராஜனுக்கு டெலிபோன் செய்து சொன்னபோது அவன், "நான் விட்ட இடத்தைத் தாண்டிட்டீங்க," என்றான்.

அந்த வருஷக் கடைசியில் அவளுடைய சிஸ்டம் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் அளவுக்கு வந்திருந்தது. தட்டுகிற எழுத்தைக் காட்டும். அதே நேரத்தில் மேல் மூலையில் மணி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் சோதித்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் அப்பா வந்து நிற்பது தெரிந்தது. அவள் கை தானாகத் திரையை அணைக்கப் போனது.

"இரு," என்றார் அவர். "இது என்ன?"

"நான் எழுதினது."

"இதில உன்ரை எவ்வளவு?"

"எல்லாம்." அதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "ஆனா ஒண்ணும் செய்யாதப்பா. கடிதம் எழுத முடியாது, பிரிண்ட் எடுக்க முடியாது. தட்டினா எழுத்து வரும், மணி ஓடும். அவ்வளவுதான்."

"எப்பிடி வருது எண்டு சொல்லு."

சொன்னாள். ஸ்விட்ச் போடுவதிலிருந்து தொடங்கி, தடுமாறித் தடுமாறி, பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். முப்பது வருஷம் டைப்ரைட்டரில் சுற்றறிக்கை அடித்த பத்து விரல்களும் விசைகளின் மேல் இறங்கின. ரயில்வே நிர்வாகத்தின் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியம் மழை மாதிரி விழுந்தது.

அவர் நிறுத்திவிட்டுத் திரையைப் படித்தார்.

"எழுத்து விடுபடுது பிள்ளை."

சிவமலர் பார்த்தாள். உண்மைதான். அவள் தட்டும் வேகத்துக்குச் சரியாக இருந்தது, அவர் வேகத்துக்குத் தாங்கவில்லை. மணியை மாற்றப் போகும் நேரத்தில் வரும் எழுத்துகளைப் பிடித்துவைக்க அவள் இடம் ஒதுக்கவில்லை. கன்னம் சூடானது. ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை.

"ஆமாப்பா. அது என் தப்பு."

"சரியாக்கு," என்றார் சண்முகரத்தினம். எழுந்து போகிற போக்கில், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சரியாக்கினாப் பிறகு கூப்பிடு, திருப்பி அடிச்சுப் பாக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவர் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஷா ஆலமில், தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் சில்லுகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை அவளுக்குக் கிடைத்தபோதும், கேட்டவர்களிடம் "வேலை மாறியிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். சங்கத்துக்கு மறுபடி போகத் தொடங்க அவருக்கு இன்னும் நெடுநாள் ஆனது. சிவமலர் அந்த மண்டபத்துக்குள் அதற்குப் பிறகு கால் வைக்கவே இல்லை. அந்தத் தெருவில் நடக்க நேர்ந்தால் எதிர்ப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவாள்.